கண்ணாடியும் தூரிகையும்: ரெம்பிராண்டின் தன்னுருவ ஓவியங்களும் தன்னையறிதலும்

தன்னையறிதல் இறையியலுக்குப் புறம்பான பொருளன்று. ஜான் கால்வின் தம் கிறிஸ்தவக் கோட்பாட்டுப் பெருநூலின் தொடக்கத்திலேயே, கடவுளை அறியும் அறிவும் நம்மை நாமே அறியும் அறிவும் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன என்று காட்டுகிறார். அவ்வறிவை அடையும் வழிகளாக ஜெபத்தையும் திருமறைத் தியானத்தையும் பாவ அறிக்கையையும் திருச்சபை நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளது. கடந்த நூற்றாண்டில் இவற்றோடு வேறொரு வழியும் சேர்த்துப் பேசப்படலாயிற்று. அதுவே கலைப்படைப்பு. காசநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர், படம் வரைதல் நோயுற்றோர் மனத்தைத் தேற்றுவதைக் கண்டு, 1942-இல் அம்முறைக்குக் 'கலைவழி மருத்துவம்' என்று பொருள்படும் பெயரை இட்டார். பின்னர் அது மருத்துவமனைகளைக் கடந்து, ஆயர்பணிப் பயிற்சிக்குள்ளும் தியான முகாம்களுக்குள்ளும் வந்தது. தாளையும் வண்ணத்தையும் கையிற் கொடுத்து, "உம்மையே வரைந்து பாரும், உம்மை அறிந்துகொள்வீர்" என்று சொல்வது இன்று புதுமையன்று.

இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை? வரைகிறவன் தன்னை அறிகிறானா, அன்றித் தன்னைக் குறித்துத் தான் விரும்பும் எண்ணத்துக்கே வண்ணம் பூசிக்கொள்கிறானா? இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதைவிட, ஒருவருடைய படைப்புகளை வைத்து ஆராய்வது பயன்தரும். தம் முகத்தையே வாழ்நாள் முழுவதும் வரைந்த ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டை (1606–1669) இதற்காக எடுத்துக்கொள்கிறோம். திருமறைக் காட்சிகளை ஓவியமாக்கியோருள் சீர்திருத்தத் திருச்சபையினர் பெரிதும் மதிக்கும் ஒருவர் அவர் என்பதும் நம் தெரிவுக்கு ஒரு காரணம்.

1. கண்ணாடிமுன் அமர்ந்தவர்

லைடன் நகரில் முளைகட்டிய தானியம் அரைக்கும் ஆலை நடத்தியவரின் மகனாகப் பிறந்த ரெம்பிராண்ட், தம்மை வண்ணத்தில் ஏறக்குறைய 40 முறையும், செப்புத்தகட்டில் கீறி அச்சிடும் படங்களில் 30-க்கு மேற்பட்ட முறையும் வரைந்துள்ளார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள, ஏறத்தாழ 1628-ஐச் சேர்ந்த ஓவியத்தில் கன்னத்தின் ஓரத்திலும் கழுத்திலும் மட்டுமே ஒளி படுகிறது. கண்கள் நிழலில் மூழ்கியுள்ளன. தலைமயிரின் சுருள்களை, ஈரம் உலராத வண்ணத்தின்மேல் தூரிகையின் பின்முனையாற் கீறிக் காட்டியிருக்கிறார். 1630-இல் செய்த சிறு அச்சுப்படங்களில் அவர் சிரிக்கிறார், முகஞ்சுளிக்கிறார், வாய்பிளந்து விழிக்கிறார். அதே ஆண்டின் மற்றொரு படத்தில், மேட்டருகே அமர்ந்து கைநீட்டும் பிச்சைக்காரனுக்குத் தம் முகச்சாயலையே கொடுத்திருக்கிறார்.

இவற்றில் நாம் முதலாவது கவனிக்க வேண்டியது ஒழுங்கேயன்றி உணர்ச்சிப் பெருக்கு அன்று. கண்ணாடிமுன் அமரும் ஓவியன் தான் எண்ணுவதை ஒதுக்கிவைத்து, தான் காண்பதை வரையக் கடமைப்பட்டவன். மூக்கு தடித்திருந்தால் தடித்தே வரையவேண்டும். ரெம்பிராண்ட் தம் தடித்த மூக்கை மெலிதாக்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அகன்றுபோய், தான் இன்ன சாயலுடையவன் என்பதை உடனே மறந்துவிடுகிற மனிதனைக் குறித்து யாக்கோபு எழுதுகிறார் (யாக்கோபு 1:23, 24). அகன்றுபோகாமல் இருந்து பார்ப்பதற்குத் தூரிகை ஒருவனைக் கட்டாயப்படுத்துகிறது. கலைப்படைப்பு தன்னறிவுக்குச் செய்யும் முதல் உதவி இதுவே.

தொழில்நுட்பம் சார்ந்த இன்னொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. கண்ணாடியில் இடம் வலமாகத் தோன்றும் முகத்தைத் தகட்டில் அப்படியே கீறி அச்சிட்டால், தாளில் அது மீண்டும் மாறிப் பதியும். ஆகவே அச்சுப்படத்தில் நாம் காண்பது, ரெம்பிராண்ட் கண்ணாடியிற் கண்ட முகமன்று. அயலார் தெருவிற் கண்ட முகம். அயலான் காணும் வண்ணம் தன்னைக் காண்பது தன்னறிவின் ஒரு பெரும் பகுதியாகும். இக்கருத்துக்குப் பின்னர்த் திரும்புவோம்.

2. இருவகைத் திறனாய்வு

இவ்வோவியங்களை ஒருவருடைய ஆன்ம நாட்குறிப்பாகப் படிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு துயரத்தைக் காண்பது அவ்வழக்கத்தின் இயல்பு. 1990-இல் வெளிவந்த பெரி சாப்மனின் ஆய்வுநூல், இத்தொடரை ஓவியர் தம் அடையாளத்தைத் தேடிய முயற்சியாக விளக்கிற்று. 1999-இல் லண்டனிலும் ஹேகிலும் இவ்வோவியங்களின் கண்காட்சி நடைபெற்றபோது, எர்ன்ஸ்ட் வான் டி வெட்டரிங் இதற்கு மாறான கருத்தை வலியுறுத்தினார். அக்காலத்தில் தன்னுருவ ஓவியம் என்பதற்குத் தனிச்சொல்லே வழங்கவில்லை. புகழ்பெற்றவரின் முகத்தையும் அவருடைய கைத்திறனின் மாதிரியையும் ஒருங்கே பெற விரும்பிய செல்வர்களுக்காக இவை செய்யப்பட்டன. தற்காலத்தவரின் அகநோக்கை இவற்றின்மேல் ஏற்றலாகாது என்பது அவர் வாதம்.

இக்கண்டனத்தின் பெரும்பகுதியை நாம் ஏற்கிறோம். படத்தில் இல்லாத கண்ணீரைப் படத்துக்குள் ஊற்றுவது திறனாய்வன்று. ஆயினும் விற்பனைக்குரியது என்பதனாலேயே ஒரு படைப்பு அகத்தைத் தொடாது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. பிரசங்கமும் கேட்போருக்காகவே ஆயத்தம் செய்யப்படுகிறது. பிரசங்கிப்பவர் அதற்காகச் சம்பளமும் பெறுகிறார். எனினும் ஆயத்த வேளையில் திருவசனம் அவரையே முதலில் சோதித்தறிவதுண்டு. லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள 1669-ஆம் ஆண்டுப் படத்தை ஊடுகதிர்வழி ஆராய்ந்தபோது, முதலில் கைகள் தூரிகை பிடித்திருந்தன என்பதும், பின்பு அவை வெறுமனே கோத்த கைகளாக மாற்றப்பட்டன என்பதும் தெரியவந்தன. தம் இறுதி ஆண்டிலும் அவர் தம்மைப் பார்த்து, தாம் செய்ததைத் தாமே நியாயந்தீர்த்து, திருத்திக்கொண்டிருந்தார். சந்தைக்குரிய பண்டம் என்னும் விளக்கம் இத்திருத்தத்தை முற்றிலும் விளக்கிவிடாது.

3. திருமறைக் கதைக்குள் தன் முகம்

ரெம்பிராண்ட் தம் முகத்தைத் தனியே வரைந்ததோடு நில்லாமல், திருமறை நிகழ்ச்சிகளுக்குள்ளும் அதைக் கொண்டுபோய் வைத்தார். இறையியல் மாணவருக்கு இப்படங்களே முதன்மையானவை. ஆரஞ்சு இளவரசர் ஃபிரெடரிக் ஹென்றிக்காக ஏறத்தாழ 1633-இல் வரைந்த, இன்று மியூனிக்கில் உள்ள ஓவியத்தில், கிறிஸ்துவின் சிலுவை நிமிர்த்தப்படுகிறது. அதை அணைத்துத் தூக்குவோருள் ஒருவன் நீலநிற உடையும் ஓவியர் அணியும் தொப்பியும் தரித்தவன். அவன் முகம் ரெம்பிராண்டின் முகம். ஆண்டவரைச் சிலுவையிலறைந்தோர் யாரோ அல்லர், நானே என்னும் அறிக்கை அக்காலச் சீர்திருத்தத் திருச்சபைக்குப் பழகிய ஒன்று. அச்சபையின் போதகரும் கவிஞருமான யாக்கோபுஸ் ரெவியுஸ் 1630-இல் வெளியான தம் பாடல்நூலில் இதே கருத்தைப் பாடியுள்ளார்.

ஏறத்தாழ 1635-ஐச் சேர்ந்த டிரெஸ்டன் ஓவியத்தில் அவர் கெட்ட குமாரனாகத் தோன்றுகிறார். மடியில் மனைவி சாஸ்கியா. உயர்த்திய கையில் மதுக்கிண்ணம். மேசைமேல் மயிலிறகு விளங்கும் பணியாரம். 1661-ஆம் ஆண்டு ஓவியத்திலோ அவர் அப்போஸ்தலனாகிய பவுல். கையில் ஏடுகள், மேலங்கிக்குள்ளிருந்து வெளிப்படும் வாளின் பிடி, சுருங்கிய நெற்றி, உயர்ந்த புருவம். பாவிகளில் பிரதானமானவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவரின் உருவத்தைத் தேர்ந்தது (1 தீமோத்தேயு 1:15) சிந்திக்கத்தக்கது.

கண்ணாடி ஒருவனுக்கு அவன் முகத்தைக் காட்டும். அவன் யார் என்பதைக் காட்டாது. அதற்குத் தன்னால் புனையப்படாத ஒரு கதை வேண்டும். திருமறையின் கதைக்குள் தன்னை நிறுத்தி, இங்கே என் இடம் எது என்று கேட்கும்போதே கலை தன்னறிவுக்கு நெருங்கி வருகிறது. தன்னை வெளிப்படுத்துதல் என்னும் தற்காலச் சொல்லில் இவ்வுண்மை மறைந்துபோகிறது.

4. வரையப்படாதது

ஆயினும் இங்கேயே நிறுத்திவிட்டால் நாம் ரெம்பிராண்டைப் புகழ்ந்தவர்களாவோமேயன்றி ஆராய்ந்தவர்களாக மாட்டோம். 1642-இல் சாஸ்கியா இறந்தபின், குழந்தை டைட்டஸை வளர்த்தவர் கேர்ட்யே டிர்க்ஸ் என்னும் கைம்பெண். ரெம்பிராண்ட் அவரோடு வாழ்ந்தார். பின்பு உறவு முறிந்தது. மணவாக்கை மீறினார் என்று 1649-இல் அப்பெண் முறையிட, ஆண்டுக்கு 200 கில்டர் கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு ரெம்பிராண்ட் அப்பெண்ணின் சகோதரனோடு சேர்ந்து, அவரைக் கௌடா நகரத்துத் திருத்தச் சிறையில் அடைக்கச் செய்தார். தோழியர் முயற்சியால் 1655-இல் அவர் விடுதலை பெற்றார். அதையும் ரெம்பிராண்ட் தடுக்க முயன்றார்.

சிலுவையைத் தூக்கியவன் நானே என்று வரைய முடிந்தவரின் கையிலிருந்து, கேர்ட்யேவுக்குத் தாம் செய்த தீங்கை அறிக்கையிடும் ஓவியம் எதுவும் வரவில்லை. அவர் சிறையிலிருந்த 1652-இல், வேலை உடையோடு இடுப்பிற் கைவைத்து உறுதியாக நிற்கும் வியன்னா ஓவியத்தை அவர் வரைந்தார். திறனாய்வாளர் அதன் நேர்மையைப் போற்றுகின்றனர். நாமும் போற்றுகிறோம், எனினும் அந்த நேர்மை எதைத் தொடவில்லை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பொதுப்படையாக "நான் பாவி" என்பது எளிது. "இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன்" என்பது அரிது. அழகுள்ள அறிக்கையே சில வேளைகளில் உண்மையான அறிக்கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. திருச்சபையும் இதற்கு விலக்கன்று: 1654-இல் ஹென்ட்ரிக்யே ஸ்டாஃபெல்ஸ் ரெம்பிராண்டோடு வாழ்ந்ததற்காகச் சபைமன்றம் அப்பெண்ணைத் திருவிருந்திலிருந்து விலக்கியது, கௌடாவில் அடைபட்டிருந்த பெண்ணோ இன்னும் அங்கேயே இருந்தார்.

5. முகம் மறைந்த மகன்

ரெம்பிராண்டின் இறுதிக்காலத்தில், ஏறத்தாழ 1668-இல் வரையப்பட்டது, புனித பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள கெட்ட குமாரனின் திரும்புதல். 1656-இல் கடன் தீர்க்க வகையின்றி உடைமைகளை இழந்து, வீடும் விற்கப்பட்டு, ஹென்ட்ரிக்யேவையும் சாகக் கொடுத்தபின் வந்த படம் அது. மொட்டைத்தலையும் தேய்ந்த காலணியுமாக மகன் முழந்தாளிட்டிருக்கிறான். அவன் முதுகே நம்மை நோக்கியுள்ளது. முகம் தந்தையின் மார்பில் பாதி மறைந்துள்ளது. டிரெஸ்டன் ஓவியத்தில் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த முகம் இங்கு இல்லை.

லூக்கா 15:17-இல் நம் திருப்புதல் புத்தி தெளிதல் என்று கூறுவது, கிரேக்க மூலத்தில் அம்மகன் தன்னிடமே வந்து சேர்ந்தான் என்று பொருள்படும். ஆனால் உவமை அங்கே முடியவில்லை. தன்னிடம் வந்தவன் எழுந்து தகப்பனிடம் போகிறான். தான் யாருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தான் என்பதைச் சொல்கிறான். முதல் ஓவியத்தில் மகன் தன்னைக் காட்டுகிறான். இரண்டாம் ஓவியத்தில் தந்தையால் அறியப்படுகிறான். தன்னறிவின் நிறைவு இரண்டாவதில்தான் உண்டு (1 கொரிந்தியர் 13:12). இப்படத்தின் முன் நெடுநேரம் அமர்ந்து, 1992-இல் தம் நூலை வெளியிட்ட கத்தோலிக்கக் குரு ஹென்றி நௌவென், இளையவனிலும் மூத்தவனிலும் இறுதியில் தந்தையிலும் தம்மைக் காண முயன்றது இதனாலேயே.

6. நம் பணிக்கு

ஆகவே கலைவழித் தன்னறிதலை நம் பயிற்சிகளிலிருந்து விலக்கவேண்டியதில்லை. அவசரமாய் நம்மைக் கடந்துபோகிற நம் கண்ணை நிறுத்தி வைக்கும் ஒழுங்கு அதில் உண்டு. ஆனால் மூன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். வரைபவர் உணர்ச்சியைக் கொட்டுவதோடு நில்லாமல் உள்ளதைக் காணப் பழகவேண்டும். திருமறைக் கதைக்குள் தமக்குரிய இடத்தைத் தேடவேண்டும். வரைந்து முடித்தபின், இப்படத்தில் நான் வரையாமல் விட்ட முகம் யாருடையது என்று கேட்கவேண்டும். பயிற்சி நடத்துவோர் முதல் இரண்டோடு அமைந்துவிடுவதுண்டு, மூன்றாவதே கடினமானது.

பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்பேரில் குறையுள்ள சகோதரனை நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலாவது போய் ஒப்புரவாகவேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை (மத்தேயு 5:23, 24). கலையும் ஒரு காணிக்கையே. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகவேண்டிய இடம் ஒன்று உண்டென்று ஒருவருக்கு அது உணர்த்துமாயின், அக்கலை தன் பணியைச் செய்ததென்று கொள்வோம்.