அச்சேறாத ஒரு கவிதை

ஆங்கில இலக்கியத்தில் கத்தோலிக்கர் பெருமையோடு சுட்டும் பெயர்களுள் இயேசு சபைக் குருவாகிய ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் (1844–1889) முன்னணியில் நிற்பவர். ஆயினும் அப்பெருமையினுள் ஒரு முள்ளும் உண்டு. அவருடைய மிகப் பெரிய கவிதையை அச்சிடாமல் திருப்பி அனுப்பியது ஒரு கத்தோலிக்க இதழே! அந்நிகழ்ச்சியை இங்குச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம்.

ஆக்ஸ்போர்டில் பயின்ற ஹாப்கின்ஸ் 1866-இல் நியூமன் கையால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1868-இல் இயேசு சபையில் புகுமுன் தம் கவிதைகளைத் தீயிலிட்டார். துறவுக்குக் கவிதை இடையூறாகும் என அஞ்சினார். அதன்பின் ஏழாண்டுகள், ஓரிரு சந்தர்ப்பப் பாடல்கள் நீங்கலாக, அவர் எழுதவில்லை.

1875 டிசம்பரில், பிரேமனிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற ‘டாய்ச்லாந்து’ என்னும் கப்பல், தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அப்பால் மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. மாண்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோருள், ஜெர்மனியின் சமய எதிர்ப்புச் சட்டங்களால் நாடு கடந்த ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியரும் இருந்தனர். வேல்ஸ் நாட்டில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ் இச்செய்தியால் நெஞ்சுருகினார். ‘இதைப் பற்றி யாரேனும் ஒரு கவிதை எழுதலாமே’ என்ற கருத்தில் இல்லத் தலைவர் சொன்ன ஒரு சொல்லே அவருக்கு அனுமதியாயிற்று. முப்பத்தைந்து பாக்கள் கொண்ட ‘டாய்ச்லாந்தின் சிதைவு’ பிறந்தது. இயேசு சபையாரின் ‘தி மந்த்’ இதழுக்கு அது அனுப்பப்பட்டது. முதலில் ஏற்பதாகத் தோன்றியும், முடிவில் வெளியிடப்படவில்லை. 1878-இல் அவர் அனுப்பிய மற்றொரு கப்பல் கவிதைக்கும் அதே கதிதான்.

ஆசிரியரை எளிதில் பழித்துவிட நாம் துணியோம். கவிதை கடினமானது. முதற் பத்துப் பாக்களில் கப்பலே இல்லை. கவிஞரின் உள்ளத்தில் இறைவன் நிகழ்த்திய போராட்டமே உண்டு. சொற்கள் நெருங்கி ஒன்றையொன்று முட்டுகின்றன. அழுத்தங்களை மட்டும் எண்ணி, மற்ற அசைகளைக் கட்டின்றி விடும் புதிய சந்தம் அன்றைய காதுகளுக்கு முரடாக ஒலித்தது. அச்சந்தம் அன்றாடப் பேச்சிலும் குழந்தைப் பாடல்களிலும் உள்ளதே என்பது அவர் வாதம். வேல்ஸ் மொழிக் கவிதையின் எழுத்தொலி இயைபையும் அவர் கற்றிருந்தார். மோனையும் எதுகையும் பழகிய நம் காதுக்கு, உரக்கப் படித்தால், அவ்வோசை அந்நியமாய்த் தோன்றாது.

கடினம் என்பதற்காகக் கவிதையை ஒதுக்கினால் நாம் இழப்பது பெரிது. புயலின் நடுவே நெடிய உருவங்கொண்ட கன்னியொருவர் கிறிஸ்துவை அழைக்கிறார். அவர் கருதியது யாது? சாவை விரும்பினாரா? துன்பம் தீர்ந்து முடி சூட ஏங்கினாரா? பக்திப் பாடல் எழுதுவோர் உடனே பற்றிக்கொள்ளும் இவ்விடைகளை ஹாப்கின்ஸ் எழுப்பிப் பார்த்து விலக்குகிறார். பின்னர் அவர் மொழியே தடுமாறுகிறது. தொடர்கள் முற்றுப்பெறாமல் அறுகின்றன. அத்தடுமாற்றத்தின் முடிவில்தான் கிறிஸ்துவின் திருமுன்னிலை தோன்றுகிறது. ஆயத்தமான ஆறுதலை மறுத்துப் பெற்ற நம்பிக்கையாதலின், அது நம்மையும் தாங்குகிறது.

டப்ளினில் 1885-ஐ ஒட்டி அவர் எழுதிய இருண்ட ஈரேழ்வரிப் பாக்களிலும் இந்நேர்மையையே காண்கிறோம். இறைவன் மறுமொழி தராத இரவுகளை ஒரு குரு இவ்வாறு எழுதலாமா என நம்முள் சிலர் தயங்கக்கூடும். திருப்பாடல்களை மன்றாட்டாக ஏற்ற நாம் அப்படித் தயங்க வேண்டியதில்லை. அங்கும் கைவிடப்பட்டோரின் கூக்குரல் இறைவனை நோக்கியே எழுகிறது.

1889-இல் குடற்காய்ச்சலால் ஹாப்கின்ஸ் இறைவனடி சேர்ந்தார். அவர் கையெழுத்துப் படிகளைப் பேணிக் காத்தவர் கல்லூரித் தோழர் ராபர்ட் பிரிட்ஜஸ். அவர் கத்தோலிக்கர் அல்லர்; கப்பல் கவிதையை விரும்பியவரும் அல்லர். எனினும் 1918-இல், அரசவைக் கவிஞராயிருந்த காலத்தில், நண்பரின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். அச்சான 750 படிகள் விற்றுத்தீர ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 1975 டிசம்பரில், கப்பல் சிதைந்து நூறாண்டு நிறைந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கவிஞர் மூலையில் ஹாப்கின்ஸுக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

தமக்கு விளங்காததையும் பிடிக்காததையும் பிரிட்ஜஸ் எறிந்துவிடவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். சமய இலக்கியம் இனிமையாகவும் உடனே விளங்குவதாகவும் இருக்க வேண்டுமென நாம் எதிர்பார்க்கிறோம். அவ்வெதிர்பார்ப்பைச் சற்றுத் தளர்த்தி, கடினமான ஒரு பக்கத்தை இரண்டாம் முறை, வாய்விட்டுப் படிக்கும் பொறுமையை நாமும் பழகுவோமாக.