கேட்காத காதிலும் காக்க வேண்டியது உண்டு

பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைக்கும்போது உள்காதில் கீறல் விழாமல் இருக்க அத்தனை பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காத காதுதானே, இழக்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நிறையவே இருக்கிறது. இரண்டு வயதில் வைக்கும் கருவி ஆயுள் முழுக்க உழைக்கும் என்று சொல்ல முடியாது. ஒருமுறையாவது மாற்ற நேரலாம். முதல் அறுவையில் உள்காதின் நடுச்சவ்வு கிழிந்து, உள்ளே தழும்பும் எலும்பும் வளர்ந்துவிட்டால், அடுத்த கருவியின் மின்முனை, அதாவது செவிநரம்பைத் தூண்டும் மெல்லிய கம்பி, நுழைய வழி இராது. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உள்காதை நிரப்பும் அதே திரவத்தோடு தொடர்புள்ளதுதான்.

ஹனோவரில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் லேன்ஹார்ட் 1990களில் எழுதிவைத்த, உள்காதைக் காக்கும் மென்முறையைத்தான் இன்று சென்னையிலும் கொழும்பிலும் பின்பற்றுகிறார்கள். காதுக்குப் பின்னுள்ள எலும்பைக் குடைந்து, முகநரம்பை ஒட்டிச் சிறு வழி திறந்து, உள்காதின் வாசலான வட்டச் சாளரத்தை அடைகிறார்கள். அதை மறைக்கும் எலும்பு விளிம்பைச் சீவியதும் டிரில்லுக்கு வேலை முடிந்தது. ரத்தத்தையும் எலும்புத்தூளையும் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஸ்டீராய்டும் ஹயலூரானிக் அமிலமும் ஒவ்வொரு சொட்டு விட்டு, அதன் பிறகே நுண்ணூசியால் சாளரத்தின் சவ்வைத் திறக்கிறார்கள். திறந்த துளையில் உறிஞ்சுகுழாயை வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் திரவமே சில துளிதான். மின்முனையை நிமிடக்கணக்கில், நிறுத்தி நிறுத்திச் செலுத்துகிறார்கள். தடை தெரிந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அழுத்தினால் அது நடுச்சவ்வைக் குத்திக்கொண்டு மேல் அறைக்குள் போய்விடும்.

கையின் வேலை இரண்டு நாட்டிலும் ஒன்றே. அந்தக் கையில் எந்த மின்முனை வந்து சேர்கிறது, எப்போது வந்து சேர்கிறது என்பதில்தான் பாதை பிரிகிறது.

இந்தியாவில் கருவிக்கு அரசே பணம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக்கருவி வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டம், 2014இல் திருத்தப்பட்டபோது, ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை, ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கு என்று வகுத்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கைகொடுக்கிறது. கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் அறுவை மேசைக்கு வர முடிவது பெரிய காரியம். ஆனால் டெண்டரில் வாங்கியதைத்தான் மருத்துவர் வைக்க முடியும். மெல்லியதா, வளைந்ததா, எவ்வளவு நீளம் என்று அந்தக் காதின் ஸ்கேனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் சுருங்குகிறது. விலைப்புள்ளியை ஒப்பிடும் குழுவில் அறுவை செய்பவரின் குரலும் ஒலிக்க வேண்டும் என்பேன்.

இலங்கையில் அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் கட்டணமில்லை. அங்கே பாரம் கருவியின் விலைதான். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்து, நன்கொடையாளர்களையும் தேடி அலைகிறார்கள் பெற்றோர். மூளை மொழிக்குத் திறந்திருக்கும் மாதங்கள் இதில் கரைகின்றன. தாமதமாக அறுவைக்கு வரும் குழந்தையின் காதில் எவ்வளவு பதமாக மின்முனையை வைத்தாலும் பேச்சு வருவது கடினம். இந்த இடத்தில் இந்தியாவின் வழியே மேல்.

கேளாமையே வராமல் தடுப்பதிலோ இலங்கை நம்மை விஞ்சி நிற்கிறது. கர்ப்பத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா, குழந்தையின் உள்காதைப் பிறக்கும் முன்பே சிதைத்துவிடும். 1996இலேயே ருபெல்லாத் தடுப்பூசியைத் தொடங்கிய இலங்கை அந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. இந்தியாவில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017இல்தான் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு சேர்ந்துகொண்டது ஆறுதல்.

சென்னைக்கு வந்து கருவி பொருத்திக்கொண்டு இலங்கை திரும்பும் குடும்பங்கள் உண்டு. கருவியைச் சீரமைக்கவும் பேச்சுப் பயிற்சிக்கும் அவர்கள் ஊரில் ஆள் தேட வேண்டும். தமிழில் பயிற்சி தருவோர் அங்கே குறைவு. அந்தக் குழந்தையின் காதில் வைத்த மின்முனை எது, எவ்வளவு ஆழம் போனது, எந்த இடத்தில் தடுத்தது, சவ்வு சேதமானதா என்பதைத் தமிழில் ஒரே தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்ப எந்த அரசாணையும் தேவையில்லை. பதினைந்து ஆண்டு கழித்து அதே காதைத் திறக்கப்போகும் மருத்துவர், யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும், முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.