அம்பாசிடருக்கு ஐந்து கியர்

பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகத் தாமிரபரணியை ஒட்டிப் பாபநாசம் வரையில் அம்பாசிடர் காரில் பிரயாணம் செய்தவர்களுக்கு, அவ்வாகனத்தின் கம்பீரமும், அதற்கு மேலே காரையாற்று ஏற்றத்தில் அதன் 1489 சி.சி. யந்திரம் பட்ட சிரமமும் ஒருங்கே நினைவிருக்கும். இக்குறையைத் தொழிற்சாலையே உணர்ந்து, 1990களின் தொடக்கத்தில், ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் யந்திரத்தையும், ஸ்டியரிங் தண்டிலிருந்த கைப்பிடியை விடுத்துத் தரையிலிருந்து எழும் ஐந்து கியர்ப் பெட்டியையும் அதே பழைய உடலுக்குள் அமைத்தது.

அந்த யந்திரத்தை முந்தைய வண்டியொன்றில் பொருத்தும் பட்டறை வேலையே எனக்குப் பரம ரசனைக்குரியது. செயின் பிளாக்கில் தொங்கும் யந்திரத்தை அங்குலம் அங்குலமாக இறக்கி, தாங்கிகளைப் புதிதாக வெட்டிப் பற்றவைத்து, கியர் லீவர் தலைநீட்டத் தரைத்தகட்டைத் திறந்து, புதிய பெட்டியின் நீளத்துக்கேற்பப் புரொப்பெல்லர் ஷாஃப்டை அறுத்து இணைத்து, அதைச் சுழலவிட்டுச் சமநிலை பார்க்கிறார் மெக்கானிக்; அதில் லேசான கோணல் இருந்தாலும், வேகம் கூடியதும் வண்டி முழுவதும் நடுங்கும். கூடிய சக்திக்கு ஈடாகப் பிரேக்கையும் திருத்தாதவரைத் தேர்ந்த தொழிலாளியென்று நான் ஒப்புக்கொள்ளேன்.

இம்மாற்றத்தை விரும்பும் அன்பர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி பெற்று, புதிய யந்திர எண்ணைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய யந்திரத்தைத் தயவுசெய்து இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.