வாழைத்தாரும் செம்மரமும்

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழகக் கூலித் தொழிலாளர்கள் அவர்கள். பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். அன்று ஐந்தாறு வயதில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகள் இப்போது மேல்நிலைப் பள்ளி வயதில் இருப்பார்கள். செம்மரக் கடத்தல்காரனை நாயகனாக்கிய 'புஷ்பா' திரைப்படம் 2021இல் வந்து ஊரெங்கும் ஓடியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் எழுதிய நாவலோ எடுத்த படமோ தமிழ் வாசகரின் பேச்சில் இன்னும் இல்லை.

துன்பப்பட்ட இளமைதான் கலைஞனை உருவாக்குகிறது என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அது முழு உண்மையென்றால் இந்த மலையிலிருந்து இந்நேரம் ஒரு தலைமுறையே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அந்தக் கூற்றில் உண்மையே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. மாரி செல்வராஜ் தன் சிறுவயது வாழ்விலிருந்து எடுத்த 'வாழை' (2024) திரைப்படம் அதற்குச் சான்று. சனி, ஞாயிறு வந்தால் பள்ளிப் பிள்ளைகள் துள்ளுவார்கள். படத்தின் சிறுவன் சிவனைந்தானுக்கோ அவை வாழைத்தார் சுமக்கும் நாட்கள். விடுமுறையைக் கண்டு பயப்படும் ஒரு சிறுவனைக் கற்பனையால் மட்டும் படைப்பது கடினம். ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டாக்கச் சொல்லிப் பெரியவர்கள் தரகரிடம் மல்லுக்கு நிற்கிறார்கள். வீட்டில் கூலியைவிட முன்பணக் கடன்தான் பெரிதாக நிற்கிறது. படத்தின் முதல் பாதி முழுக்க இந்தக் கணக்கு உடம்பில் ஏறிக் கிடக்கிறது. தன் வாழ்விலிருந்து எடுப்பவருக்கு வாய்க்கும் பெரும் பலம் இதுதான்: எந்த விவரம் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அதே படத்தின் இறுதிப் பகுதியில் இந்த முறையின் குறையும் தெரிகிறது. தார் சுமப்பவர்களை ஏற்றிவந்த லாரி கவிழும் விபத்துக்குப் பிறகு பசியும் ஒப்பாரியும் இசையும் சேர்ந்து பார்வையாளரை மூச்சுவிடாமல் அழுத்துகின்றன. இது இயக்குநர் கண்ட துயரம் என்று தெரிந்ததும் விமர்சகர்கள் பலர் பேனாவை மூடிவிட்டார்கள். காட்சி நீண்டுவிட்டது என்று சொன்னால் துயரத்தையே மறுத்ததாகிவிடுமோ என்ற தயக்கம் அது. இந்தத் தயக்கம் கலைஞருக்கு நன்மை செய்வதில்லை. அவருடைய காயத்துக்கு மரியாதை கிடைக்கிறது, கைத்திறன் கவனிக்கப்படாமலே போகிறது.

படம் வெளியானதும் எழுத்தாளர் சோ. தர்மன், இதே களத்தைத் தம் 'வாழையடி' சிறுகதையில் முன்பே எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கதையை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று மாரி செல்வராஜும் சொன்னார். தார் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்; அந்த நினைவு தனியொருவரின் சொத்தாக இருக்க முடியாது. அவர்களில் ஒருவர் எப்படிப் படைப்பாளி ஆனார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மாரி செல்வராஜ் இயக்குநர் ராமிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தார், சிறுகதைகள் எழுதினார், ஆனந்த விகடனில் தொடர் எழுதினார். அந்த ஆண்டுகள்தான் நினைவைக் காட்சியாக மாற்றக் கற்றுக்கொடுத்தன.

இப்படிக் கற்றுக்கொள்ளும் இடம் மற்றவர்களுக்கும் இருந்தது. எழுத்தாளர் ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவருக்குக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமே பள்ளிக்கூடம். பண்ணைப்புரத்து இளையராஜாவுக்கு அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரி மேடையும், பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரின் பாடமும் கிடைத்தன. 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய அவருடைய சிம்பொனியைக் கேட்டு அதில் வறுமையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பட்ட துயரத்தைப் பாடாமலிருக்கவும் கலைஞருக்கு உரிமை உண்டு. ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து வருபவரிடம் அந்த வீட்டுக் கதையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும் பதிப்பாளர்களும் தயாரிப்பாளர்களும் இந்த உரிமையைத்தான் பறிக்கிறார்கள்.

புகைப்படக் கலைஞர் பழனிக்குமாரின் வழி இன்னொரு வகை. மீன் விற்று வளர்த்த தாயின் மகன் அவர். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் படமெடுத்தவர், பின்னர் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்பித்தார். அவர்கள் எடுத்த படங்களில் அழுகை மட்டும் இல்லை. விளையாட்டும் வீட்டு முற்றமும் இருந்தன. வலியைக் காட்டு என்று யாரும் கேட்காதபோது பிள்ளைகள் தாங்கள் பார்ப்பதையெல்லாம் காட்டுகிறார்கள்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், சிங்காரப்பேட்டைக்கு அருகே புளியானூரில், குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. 'தும்பி' சிறார் இதழும் தன்னறம் நூல்வெளியும் அந்தத் தோழமையில் பிறந்தவை. நல்ல தொடக்கம். ஆனால் மலை முழுவதற்கும் அது ஒன்று போதாது.

மலைமேல் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஓர் ஓவிய ஆசிரியர், திறந்து கிடக்கும் நூலகம், பிள்ளைகள் தொட்டுப் பழக இரண்டு கேமரா வேண்டும். நலத்துறை மனம் வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே செய்யக்கூடியது இது. அந்தப் பிள்ளைகள் செம்மரத்தைப் பற்றி எழுதட்டும், அல்லது சாமைக் கொல்லையைப் பற்றி, அதே மலையிலுள்ள காவலூர் தொலைநோக்கி பார்க்கும் விண்மீன்களைப் பற்றி எழுதட்டும். எதை எழுதுவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.