பென்சிலில் ஒரு வாதம்

காவியத்துக்குச் சித்திரம் எழுதுகிறவன் கவியின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் தீர வேண்டுமா? வில்லியம் பிளேக், தாந்தேயின் 'தெய்விக நாடக'த்துக்காக வரைந்த படங்களைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி எழாமல் போகாது.

ஜான் லின்னல் என்ற ஓவியர் கேட்டுக்கொண்டதன்பேரில் 1824-ல் பிளேக் இந்த வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 66. அந்த அக்டோபரில் சாமுவேல் பாமர் என்ற இளைஞர் அவரைப் பார்க்கப் போனபோது, கால் வெந்து, படுத்த படுக்கையாக இருந்துகொண்டே வரைந்துகொண்டிருந்தாராம். 1827-ல் கண்ணை மூடும்வரை அவர் வரைந்தவை 102. நரகத்துக்கு 72, பாவம் கழுவும் மலைக்கு 20, சுவர்க்கத்துக்கு 10. சில முழு வர்ணம் பெற்றவை. சில பாதியில் நின்றவை. சில வெறும் பென்சில் கோடுகளே.

அரைகுறைப் படங்களை, 'பாவம், முடிக்கக் கொடுத்து வைக்கவில்லை' என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கென்னவோ அவைதாம் முக்கியமாகப் படுகின்றன. கலைஞன் தீர்மானித்துவிட்டதை வர்ணப் படம் காட்டுகிறது. தீர்மானிக்க அவன் பட்ட பாட்டைப் பென்சில் காட்டுகிறது.

பிளேக்கின் பென்சில் வரைந்ததோடு நிற்கவில்லை, கவியோடு வழக்காடவும் செய்தது. கொடுங்கோன்மைக்கு இடம் தரும் வகையில் தாந்தே இந்த உலகத்தையே எல்லாவற்றுக்கும் அஸ்திவாரமாக்கிவிட்டார் என்ற ஆட்சேபத்தை ஒரு தாளிலேயே அவர் எழுதி வைத்திருக்கிறார். நரக வட்டங்களின் வரைபடத்திலும் இப்படிக் குறிப்புகள் உண்டு. இதில் ஆச்சரியமில்லை. தாந்தே தண்டனையை வட்டம் வட்டமாக அளந்து வைத்தவர். பிளேக்கோ மன்னிப்பையே மதத்தின் உயிராகக் கொண்டவர்.

பிரான்செஸ்காவின் படத்தில் இந்த வாதம் வார்த்தையில்லாமலே நடக்கிறது. காதலர்களைச் சூறாவளி சுழற்றிக்கொண்டு போகிறது. மேலே, காவியத்தில் இல்லாத ஓர் ஒளிவட்டத்துக்குள் அவளும் பாவோலோவும் தழுவி நிற்கிறார்கள். நரகத்தின் நடுவே கருணைக்கு ஓர் இடம்!

இது கவிக்குச் செய்த துரோகம் என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். மூலத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காக அந்த வயதில் இத்தாலிய மொழி கற்றவர் அவர். மேலோட்டமாகப் படிக்கிறவனுக்குச் சண்டை போட விஷயம் ஏது?

1918-ல் இந்தப் படங்கள் லண்டனில் ஏலம் போய்ச் சிதறின. 36 மெல்போர்னுக்குப் போயின. மற்றவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமாகக் கிடக்கின்றன. வர்ணப் படங்களைச் சேர்த்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. பென்சில் தாள்களையும் அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டு மகாகவிகளும் பேசுவது முழுதாகக் காதில் விழும்.