கொக்கிப் பாக்கெட் மகிழ்ச்சி தருமா?

வீட்டைக் கழித்து ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் ஜப்பானிய எழுத்தாளர் மாரி கொண்டோவின் புத்தகத்தில் உபரிப் பொத்தான்களுக்கென்று ஒரு சிறு பகுதி உண்டு. புதுச்சட்டையோடு வரும் கூடுதல் பொத்தானை யாரும் எடுத்துத் தைப்பதில்லை, எறிந்துவிடலாம் என்கிறார். பொத்தான் உதிர்கிற அளவுக்கு உடுத்தியாகிவிட்டால் அந்தச் சட்டையின் ஆயுளும் முடிந்தது என்பது அவர் கணக்கு. பல வருடம் வைத்திருக்கப்போகும் கோட்டு என்றால், வாங்கியதுமே அதை உள்துணியில் தைத்துவிடச் சொல்கிறார். உடுத்துகிறவருக்கு இது நல்ல யோசனை. தைக்கிறவருக்கு நஷ்டம். வீட்டில் மெஷின் போட்டிருக்கும் பெண் அந்த உபரிப் பொத்தான்களைச் சேர்த்தே ஒரு குழந்தைச் சட்டையை முடித்துவிடுவாள்.

கொண்டோவின் முறை 2014-இல் ஆங்கிலப் புத்தகமாகவும், 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் உலகமெங்கும் பரவியது. துணி அலமாரிக்கு அது செய்த நன்மை பெரிது. தையல், ஆரி வேலை, பட்டுநூல் வளையல் என்று கைவேலை நடக்கும் அறைக்கு அதை அப்படியே கொண்டுவரலாமா? செய்முறையைக் கொண்டுவரலாம், அதன் மையக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

செய்முறையின் பலம், இடம் இடமாகச் சுத்தம் செய்யாமல் வகை வகையாகச் செய்வது. கைவேலைச் சாமான்கள் ஒரு அறையோடு நிற்பவை அல்ல. லைனிங் துணி கட்டிலுக்கடியில் இருக்கும், சமிக்கி பீரோவில், நல்ல கத்தரிக்கோல் சமையலறையில். நூலை மட்டும் வீடு முழுக்கத் தேடி எடுத்து ஒரே பாயில் கொட்டினால்தான், அதே மெரூன் பட்டுநூலைக் கடைக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்திருப்பது தெரியும். துணியைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி மடிப்பதும் இங்கே மிகவும் பொருந்தும். அடுக்கின் அடியில் போன பிட்டுத் துணி இருந்தும் இல்லாததுதான். நிறுத்தி வைத்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

சிக்கல் அந்தப் புகழ்பெற்ற கேள்வியில் வருகிறது. பொருளைக் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். முடிந்த பொருளிடம் அப்படிக் கேட்கலாம். புடவையைத் தொட்டால் மனசு சொல்லிவிடும். கொக்கிப் பாக்கெட்டைத் தொட்டால் என்ன சொல்லும்? கேன்வாஸ், பக்ரம், சாம்பல் நிற லைனிங் எதுவும் யாரையும் சிலிர்க்க வைக்காது. அவை இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. மறுபக்கம், கைவேலையில் பித்துப் பிடித்தவருக்கு ஒவ்வொரு ஜரிகைத் துண்டும் மகிழ்ச்சிதான். அவரிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் ஒரு நூல்கூட அறையை விட்டு வெளியேறாது. மூலப்பொருளின் மதிப்பு அது நாளை எதுவாகும் என்பதில் இருக்கிறது. இன்றைய உணர்ச்சியால் அதை அளக்க முடியாது.

துண்டுத் துணியைக் குப்பை என்று நினைக்காத மரபு ஜப்பானிலேயே இருந்திருக்கிறது. பருத்தி விளையாத வடகிழக்குக் குளிர்ப் பகுதியில் ஏழை விவசாயிகள் கிழிசலின் மேல் கிழிசலாக ஒட்டுப்போட்டுத் தைத்த 'போரோ' துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அமெரிக்காவின் அலபாமாவில், கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடைகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. அந்தத் துண்டுகளைத் தூக்கி எறிந்திருந்தால் அந்தக் கலையே இல்லை.

ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து வைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. கைவேலை அறை ஒரு பட்டறை. அதற்கேற்ற வழியும் ஜப்பானிலிருந்தே வந்திருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலைகளில் வளர்ந்த 'ஃபைவ் எஸ்' முறையில், தேவையா என்று சந்தேகம் வரும் சாமானுக்குச் சிவப்புச் சீட்டு கட்டி, தேதி எழுதித் தனியே வைப்பார்கள். கெடு முடியும்வரை யாரும் தேடி வரவில்லையென்றால் அது வெளியே போகும். உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை, வேலைதான் தீர்ப்புச் சொல்கிறது. வீட்டிலும் அப்படி ஒரு அட்டைப்பெட்டி போதும். உள்ளங்கையைவிடச் சிறிய பிட்டு நேரே தலையணைக்குள் போகட்டும். அதைவிடப் பெரியது பைப்பிங்குக்கோ குஞ்சத்துக்கோ ஆகும், இருக்கட்டும். உலர்ந்த பசைக்கும் துருப்பிடித்த ஊசிக்கும் கெடுவே வேண்டாம்.

கொண்டோவின் கேள்வி உண்மையில் உதவும் ஒரு இடமும் இந்த அறையில் உண்டு: பாதியில் நின்ற வேலைகள். சட்டத்தில் இறுக்கியபடியே தூசி படிந்த ஆரி ரவிக்கை, ஆசையில் வாங்கித் திறக்காத ரெசின் பெட்டி. இவை அடைக்கும் இடத்தைவிட மனசில் ஏற்றும் பாரம் அதிகம். இதை முடிக்க இன்னும் ஆசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் நூலைப் பிரித்துக் கற்களை மீட்டுக்கொள்வது பெரிய விடுதலை.

டப்பா வாங்குவதைப் பற்றியும் அவர் சொன்னது சரி. கழித்து முடிக்கும்வரை எதையும் வாங்காதீர்கள், செருப்புப் பெட்டி போதும் என்றார். அவருடைய நிறுவனமே 2019 நவம்பரில் வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் விற்கத் தொடங்கியது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த அறிவுரை இன்றும் செல்லும்.

அவர் விதிகளில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. குடும்பத்தில் மற்றவர் பொருளை அவருக்குத் தெரியாமல் எறியக்கூடாது என்கிறார். நம் வீடுகளில் கணவரின் ஸ்பேனர் பெட்டியை யாரும் குப்பை என்று சொல்வதில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் மூட்டை கட்டப்படுவது மனைவியின் துணியும் மணியும்தான். அவற்றில் பாதி, ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கப் போட்ட முதல். எது இருக்கும், எது போகும் என்பதை அந்த மெஷினில் உட்காருகிறவள் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.