கண்புரைக்குக் கால்சியம்தான் குற்றவாளியா?

போன வாரம் பெரியம்மா போன் பண்ணினாங்க. "கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்காம்டா. கால்சியம் சேர்ந்தாத்தான் புரை வரும்னு வாட்ஸப்புல வந்துச்சு. மாத்திரையை நிறுத்திட்டேன், சரிதானே?" என்றார். எலும்புத் தேய்மானத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் உறைத்தது. அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை, அரை உண்மை. பழைய ஆய்வுக் கட்டுரைகளை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன்.

அடிப்படை இதுதான். லென்ஸைச் சுற்றியுள்ள திரவத்தில் இருக்கும் கால்சியம், லென்ஸ் செல்லுக்குள் கட்டற்று இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். செல்சவ்வில் உள்ள பம்புகள் ஓயாமல் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. லென்ஸின் நடுவில் இருக்கும் நார்ச்செல்களுக்கு உட்கரு கிடையாது. சேதமான புரதத்துக்குப் பதிலாகப் புதுசு செய்ய வழியில்லை, இருப்பதை வைத்தே ஆயுசு முழுக்க ஓட்டணும்.

இந்த விஷயத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது டங்கனும் புஷெலும் 1975-இல் வெளியிட்ட கட்டுரை. அன்றைக்கு அறுவையில் லென்ஸை முழுசாக எடுப்பார்கள். அதனால் அப்படியே அளந்து பார்க்க முடிந்தது. (இன்று உள்ளேயே உடைத்து உறிஞ்சிவிடுகிறார்கள்.) புரை விழுந்த லென்ஸ்களில் ஒரு வகையில் சோடியமும் கால்சியமும் கூடியிருந்தன. எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. வெளிப்புறப் பகுதி மங்கிய புரையில்தான் இந்த ஏற்றம். நடுப்பகுதி பழுப்பேறிய புரையில் உப்புகள் ஏறத்தாழ இயல்பாகவே இருந்தன என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. பின்னால் வந்த பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கல்: அளந்ததெல்லாம் ஏற்கெனவே கெட்டுப்போன லென்ஸ்கள். சவ்வு கிழிந்தால் கால்சியம் உள்ளே வரத்தான் செய்யும். வீடு இடிந்ததால் மழை உள்ளே வந்ததா, மழை வந்ததால் வீடு இடிந்ததா?

இந்த இடைவெளியை எலியை வைத்து நிரப்பினார்கள். எலிக்குஞ்சுக்குச் செலினைட் ஊசி போட்டால் சில நாளிலேயே புரை விழும். கால்சியம் ஏறி, கால்பெய்ன் என்ற நொதியைத் தட்டியெழுப்பி, அது கிரிஸ்டலின் புரதங்களை வெட்டிப்போடும். அழகான கதை. ஆனால் எலி லென்ஸில் முக்கிய வேலை செய்யும் கால்பெய்ன் வகையான எல்பி82 மனித லென்ஸில் உருவாவதே இல்லை. அதோடு எலியில் மங்குவது நடுப்பகுதி. மனிதரில் கால்சியம் ஏறாத இடமும் அதே நடுப்பகுதிதான்! அங்கே ஆக்சிஜனேற்றச் சேதத்துக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது.

அப்படியானால் கால்சியம் நிரபராதியா? அதுவும் இல்லை. மனித லென்ஸை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் பம்பைத் தாப்சிகார்ஜினால் முடக்கிப் பார்த்தது டங்கனின் ஆய்வகம். செல்கள் செத்தன, லென்ஸ் மங்கியது. இங்கே கட்டுப்பாடு குலைந்தது முதலில், மங்கியது பிறகு. என் பார்வையில், 1975 அளவீட்டைவிட இது பலமான ஆதாரம். ஆனாலும் விஷம் வைத்துச் சில நாளில் செய்ததை, முப்பது நாற்பது வருஷம் எடுக்கும் முதுமையோடு சமன்படுத்த எனக்குத் தயக்கம் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு நான் சொன்னது வேறு உதாரணம். பாராதைராய்டு சுரப்பி கெட்டு ரத்தத்தில் கால்சியம் ரொம்ப நாள் *குறைந்தால்* இள வயதிலேயே புரை வரும். வெளியே கால்சியம் குறைந்தால் சவ்வு கசிய ஆரம்பிக்கும் என்பது ஆய்வகத்தில் பார்த்த விஷயம். ஆக, கோளாறு பம்பிலும் சவ்விலும். வாயில் போடும் மாத்திரையின் அளவு லென்ஸுக்குள் அப்படியே போய்ச் சேருவதில்லை.

"அப்ப மாத்திரையைப் போடவா?" என்றார்.

"எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க. புரைக்கு அறுவை இருக்கு பெரியம்மா, இடுப்பெலும்பு உடைஞ்சா அது பெரிய பாடு" என்றேன். நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி போட ஆரம்பிச்சிட்டாங்க.